பிஎஃப்ஏவுக்குப் பிறகு எம்எஃப்ஏ: இடம் தேடுவதிலிருந்து ஹாஸ்டல் சேர்வது வரை

டிசம்பர் பிறந்தால் போதும், நான்காம் ஆண்டு பிஎஃப்ஏ (நுண்கலை இளங்கலை) படிக்கும் தம்பி தங்கைகளிடமிருந்து ஒரே கேள்வி வரத் தொடங்கும்: "அண்ணா, பரோடாவா, சாந்திநிகேதனா?" என் பதில் எப்போதும் இன்னொரு கேள்விதான். அடுத்த இரண்டு வருடம் நீ என்ன செய்யப் போகிறாய்? அதற்கு விடை இருந்தால் ஊர் தானாக முடிவாகும்.

நுண்கலை முதுகலையான எம்எஃப்ஏ (சில பல்கலைக்கழகங்களில் எம்விஏ) என்பது பாடம் கேட்கும் படிப்பு இல்லை. ஒரு ஸ்டுடியோ மூலை, கைக்கு எட்டும் தூரத்தில் கருவிகள், செய்ததைப் பார்த்து முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்கும் ஆட்கள். இந்த மூன்றும் எங்கே நன்றாகக் கிடைக்கிறதோ அதுதான் உங்களுக்கு நல்ல காலேஜ். பெயரெல்லாம் அதற்கு அப்புறம். இந்த வழிகாட்டி ஓவியம், சிற்பம், பிரின்ட்மேக்கிங் (அச்சுக்கலை) மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்றத் துறைக்காரர்களுக்கும் போர்ட்ஃபோலியோ, பணம் பற்றிய பகுதிகள் பொருந்தும்.

முதல் படி: இது உங்களுக்குத் தேவையா?

காலேஜில் பாடம் நடத்த ஆசை என்றால் தேவை. 2018 யுஜிசி விதிகளின்படி உதவிப் பேராசிரியர் வேலைக்கு முதுகலையில் 55 சதவீதமும் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும். பெயர் பெற்ற கலைஞர்களுக்குத் தனி வழி ஒன்றும் அதே விதியில் இருக்கிறது. ஆனால் 22 வயதில் அதை நம்பி உட்கார முடியாது.

ஊடகம் மாற்ற விரும்புபவர்களுக்கும் தேவை. ஓவியத்தில் பட்டம் வாங்கி, கடைசி வருடத்தில் எட்சிங் (உலோகத் தட்டை அமிலத்தில் அரித்து அச்செடுப்பது) மேல் பைத்தியம் பிடித்தவர்கள் நிறைய. வீட்டில் எட்சிங் பிரஸ் வைக்க யாருக்கு வசதி இருக்கிறது?

விஸ்காம் முடித்து விளம்பரக் கம்பெனி, அனிமேஷன், ஆப் டிசைன் என்று போக நினைப்பவர்களுக்கு எம்எஃப்ஏ அவசியமில்லை. அங்கே வேலையைக் காட்டினால் வேலை கிடைக்கும். மேலே படித்தே ஆக வேண்டுமென்றால் எம்டெஸ் (டிசைன் முதுகலை) பாருங்கள். ஐஐடிகளின் எம்டெஸ் படிப்புக்கு ஐஐடி பாம்பே நடத்தும் சீட் (CEED) தேர்வு உண்டு, தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி (NID) தனியாகத் தேர்வு வைக்கிறது.

"வேலை கிடைக்கவில்லை, அதனால் படிக்கிறேன்" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஒரு வருடம் எங்காவது ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்துவிட்டு வந்தால் இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

இரண்டாம் படி: எங்கே?

சென்னையிலேயே தொடங்குவோம். எழும்பூர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் என்று தலைமை வகித்த இடம். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்ததும் பணிக்கரும் அவர் மாணவர்களும் சேர்ந்ததால்தான். இப்போது கல்லூரி தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கட்டணம் குறைவு, ஊர் தெரிந்த ஊர். ஒரே குறை, பிஎஃப்ஏவும் அங்கேயே படித்திருந்தால் அதே ஆசிரியர்கள், அதே சுவர், அதே டீக்கடை. ஆறு வருடம் ஒரே கண்கள் உங்கள் வேலையைப் பார்த்தால் அவர்களுக்குப் பிடித்ததையே செய்யப் பழகிவிடுவீர்கள். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவர் சென்னைக்கு வருவது வேறு கதை, அது நல்ல மாற்றம்.

பரோடா. எம்.எஸ். பல்கலைக்கழகம் 1949-இல் வந்தது, அதன் நுண்கலைப் பிரிவு அடுத்த வருடமே. பேந்த்ரே, சங்கோ சௌத்ரி, கே.ஜி. சுப்ரமணியன் என்று தொடங்கி, நஸ்ரீன் மொஹமதி 1972 முதல் 1990-இல் இறக்கும் வரை அங்கே பாடம் நடத்தினார். படைப்பும் கலை வரலாறும் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் அதன் பலம். ஓவியர் பக்கத்து வகுப்பில் கலை வரலாறு படிப்பவரோடு மாலையில் சண்டை போடுவார், அந்தச் சண்டையில்தான் பாதிப் படிப்பு. ஊரிலேயே படித்து முடித்த கலைஞர்கள் நிறையப் பேர் தங்கிவிட்டதால் வாடகை ஸ்டுடியோ, வார்ப்புப் பட்டறை, ஃப்ரேம் போடுபவர் எல்லாம் சைக்கிள் தூரம். சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் நேராகப் போகிறது.

சாந்திநிகேதன் வேறு மனநிலை. 1919-இல் தாகூர் தொடங்கிய கலாபவனில் நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோர் வேலை செய்த சுவர்களுக்கும் மரங்களுக்கும் நடுவிலேயே நீங்கள் படிப்பீர்கள். ராம்கிங்கர் 1938-இல் சிமென்டும் செம்மண் சரளையும் கலந்து செய்த ‘சந்தால் குடும்பம்’ சிற்பம் இன்னும் வளாகத்திலேயே நிற்கிறது. பிரின்ட்மேக்கிங் செய்பவர்களுக்கு சோம்நாத் ஹோர் விட்டுப்போன மரபு உண்டு. வங்காளி தெரியாமல் முதல் மூன்று மாதம் கொஞ்சம் தனிமையாக இருக்கும். ஹாஸ்டல் சாப்பாட்டில் கடுகு எண்ணெய் வாசத்துக்குப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு பள்ளியில் ஓவியம், சிற்பம், பிரின்ட்மேக்கிங், கலை வரலாறு எல்லாம் இருக்கின்றன. தூரம் குறைவு, மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் வளாகத்தில் வேறு துறை மாணவர்களோடு புழங்கலாம். தமிழ் மாணவர்கள் இதை ஏனோ இரண்டாவது தெரிவாகவே எழுதுகிறார்கள். என் கணக்கில் அது தவறு.

படைப்பை விட்டு எழுத்து, ஆராய்ச்சிப் பக்கம் போக நினைத்தால் ஜேஎன்யூவின் கலை மற்றும் அழகியல் பள்ளி. எந்த இளங்கலை படித்தவரும் விண்ணப்பிக்கலாம், காண்கலை, நாடகம், சினிமா மூன்றையும் சேர்த்துப் படிக்கலாம். நாடகம் என்றால் பக்கத்திலேயே புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் அங்கே தொடங்கிய நாடகப் பள்ளிக்கு முதல் பொறுப்பாளராக இருந்தவர் இந்திரா பார்த்தசாரதி.

மூன்றாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

இணையதளத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கலாபவனில் நந்தலால் போஸ் பிறந்த நாளையொட்டி டிசம்பர் 1, 2 தேதிகளில் நந்தன் மேளா நடக்கும். மாணவர்களே செய்ததை மாணவர்களே விற்பார்கள். அன்று போனால் ஒரே நாளில் எல்லா ஸ்டுடியோவையும் பார்த்துவிடலாம். மற்ற இடங்களில் கல்வியாண்டின் கடைசியில் வைக்கும் டிஸ்ப்ளேவுக்கு (மாணவர் கண்காட்சிக்கு) போங்கள்.

போனால் எதைப் பார்ப்பது? எம்எஃப்ஏ மாணவர் ஒருவருக்கு எத்தனை அடி சுவர் கிடைக்கிறது. ஸ்டுடியோ இரவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, ஞாயிற்றுக்கிழமை திறக்குமா. லித்தோ அச்சுக் கற்கள் தேய்த்து வைத்திருக்கிறார்களா, மூலையில் தூசி படிந்து கிடக்கின்றனவா. உலை எரிகிறதா, "அடுத்த மாதம் சரியாகும்" என்கிறார்களா. பிறகு ஒரே வகுப்பைச் சேர்ந்த ஐந்து மாணவர்களின் வேலையை வரிசையாகப் பாருங்கள். ஐந்தும் ஒரே ஆசிரியர் செய்தது போல இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஐந்தும் ஐந்து திசையில் போயிருந்தால், அங்கே கற்றுக்கொடுப்பவர்கள் உங்களையும் உங்கள் திசையில் விடுவார்கள்.

டீக்கடையில் இரண்டாம் ஆண்டு மாணவரைப் பிடித்து ஒரு கேள்வி கேளுங்கள்: "சார் கடைசியாக எப்போது உங்கள் வேலையைப் பார்த்தார்?" பதில் வர எடுக்கும் நேரமே பதில்.

நான்காம் படி: போர்ட்ஃபோலியோ

சீட் கிடைப்பதும் போவதும் இங்கேதான். அக்டோபரில் தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம்.

பொதுவாக 15 முதல் 20 படங்கள் போதும். துறை வேறு எண்ணிக்கை சொன்னால் அதன்படி. லைஃப் ஸ்டடி, ஸ்டில் லைஃப் எல்லாம் மூன்றுக்கு மேல் வேண்டாம். உங்களுக்கு வரையத் தெரியும் என்பதை மூன்றே காட்டிவிடும். மீதி உங்கள் சொந்த வேலை, அதுவும் ஒன்றோடொன்று பேசுவதாக இருக்க வேண்டும். ஒரு நிலக்காட்சி, ஒரு அருவ ஓவியம், ஒரு பிள்ளையார், ஒரு டிஜிட்டல் போஸ்டர் என்று கதம்பமாகக் கட்டினால் ஜூரிக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. நடிகர் முகத்தை போட்டோ பார்த்துப் பென்சிலில் அச்சாக வரைந்தது இன்ஸ்டாகிராமில் லைக் வாங்கும், இங்கே பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஸ்கெட்ச்புக் பக்கங்கள் நான்கைந்து கட்டாயம் சேருங்கள். அழகான பக்கங்களை அல்ல, அடித்துத் திருத்தி யோசித்த பக்கங்களை. ஒரு யோசனை எப்படி வேலையாக மாறியது என்பதைப் பார்க்க ஆசிரியர்களுக்கு ஆசை அதிகம்.

நல்ல ஓவியத்தைக் கெட்ட போட்டோ கொன்றுவிடும். ஃபோன் கேமராவே போதும், ஆனால் இப்படிச் செய்யுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு நேர்வெயில் படாத நிழலில், வெளிச்சம் சமமாக விழும் சுவரில் ஓவியத்தை மாட்டுங்கள். திண்ணை, மொட்டைமாடிச் சுவரின் நிழல் பக்கம் இரண்டும் நல்ல இடங்கள். லென்ஸின் உயரம் ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்க வேண்டும். கிட்டே போகாமல் நாலடி பின்னால் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போனால் செவ்வகத்தின் ஓரங்கள் வயிறு தள்ளிக்கொள்ளும். எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பு தெரிந்தால் ஓவியத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே எடுத்துவிடுவது இன்னும் நல்லது. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறம் சரிசெய்யும்போது வெள்ளை எது என்று குழம்ப வேண்டாம். குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த பென்சில் வேலைகள் எல்லாம் மஞ்சள் காமாலை வந்தது போல இருக்கும், அதைத் தவிருங்கள்.

வெட்டும்போது ஈசல், மின்விசிறி, கால்விரல் எதுவும் தெரியக் கூடாது. பிரின்ட் என்றால் விளிம்புத் தாளோடு முழுத்தாளும் தெரிய வேண்டும், எடிஷன் எண்ணும் (மொத்தப் படிகளில் இது எத்தனாவது) கையெழுத்தும் உட்பட. சிற்பத்துக்கு மூன்று கோணம், அதில் ஒன்றில் அளவு புரிய ஒரு ஆளோ நாற்காலியோ பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, ஊடகம், அளவு, வருடம்: "பெயரிடாதது, துத்தநாகத் தட்டில் எட்சிங், 30 × 40 செ.மீ., 2025". உயரம் முன்னால், அகலம் பின்னால். அளவு எழுதாத ஓவியம் தபால்தலையா பேனரா என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் படி: ஸ்டேட்மென்ட்

பெரும்பாலான ஸ்டேட்மென்ட்கள் இப்படித்தான் இருக்கும்: "மனித உணர்வுகளின் சிக்கலையும் இயற்கையின் அழகையும் என் படைப்புகள் வழியே வெளிப்படுத்துகிறேன்." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாருடைய ஓவியத்துக்கும் ஒட்டலாம்.

திருப்பூரிலிருந்து வந்த ஒரு மாணவர் இப்படி எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கட்டிங் மேசைக்கடியில் விழும் துண்டுத் துணிகளைப் பத்தாம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் மை தடவி பிரஸ்ஸில் ஓட்டினேன். நெசவின் கண்கள் தாளில் பதிந்தன, ஆனால் தையல் வந்த இடத்தில் தாள் கிழிந்தது. அந்தக் கிழிசலை மறைக்காமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இப்போது என் கேள்வி." ஐந்து வரி. பொருள் இருக்கிறது, செய்முறை இருக்கிறது, தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு வருடம் செய்ய வேலை இருக்கும் ஆள் இவர் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் தமிழில் எழுதுங்கள், நண்பனிடம் பேசுவது போல. பிறகு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஏஐயிடம் கொடுத்தால் துணிக்கிழிசல் காணாமல் போய் மறுபடியும் "மனித உணர்வுகளின் சிக்கல்" வந்து உட்கார்ந்துவிடும். இலக்கணம் திருத்த மட்டும் வேண்டுமானால் பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: தேர்வும் இன்டர்வியூவும்

மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் படிப்புகள் பலவற்றுக்கு சியூஇடி-பிஜி எழுத வேண்டும். தேசியத் தேர்வு முகமை நடத்துவது. 75 கேள்விகள், சரிக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். அறிவிப்பு டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும், தேர்வு மார்ச்சில். நம்மவர்கள் ஏப்ரலில் விழித்துக்கொண்டு "ஃபார்ம் எப்போது?" என்று கேட்பது வருடா வருடம் நடப்பதுதான். ஸ்டுடியோ படிப்புகளில் அதற்கு மேல் போர்ட்ஃபோலியோ, செய்முறை, இன்டர்வியூ என்று கட்டங்கள் சேரலாம். இந்த முறை அடிக்கடி மாறுகிறது, ஆகவே சீனியர் சொன்னதை நம்பாமல் அந்த வருட அறிவிப்பைப் படியுங்கள். பரோடா தன் சேர்க்கையைத் தனியாக நடத்துகிறது.

கலை வரலாறு பகுதிக்கு அஜந்தா, சோழர் வெண்கலம், முகலாயச் சிற்றோவியம், கம்பெனி ஓவியம், வங்காளப் பள்ளி, மும்பை முற்போக்குக் கலைஞர்கள், மெட்ராஸ் கலை இயக்கம் என்று வரிசையாகப் போங்கள். ஐரோப்பிய இயக்கங்களை மனப்பாடம் செய்துவிட்டு, எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குள் கால் வைக்காமல் தேர்வுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்டர்வியூவில் கஷ்டமான கேள்விகள் எல்லாமே எளிய கேள்விகள்தான். ஏன் இந்த அளவு? இந்தச் சிவப்பு ஏன்? இதை எப்போது முடிந்தது என்று முடிவு செய்தாய்? யாருடைய வேலையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய்? கடைசிக் கேள்விக்கு பிக்காசோ, வான் கோ என்று சொன்னால் அடுத்து அவர்களுடைய எந்த வேலை, எதற்காக என்று வரும். தனபால், சந்தானராஜ், ஆதிமூலம், டக்ளஸ் என்று மெட்ராஸ் கலைஞர்களில் உங்களுக்கு நேரில் பார்க்கக் கிடைத்த வேலைகளைப் பற்றிப் பேசுங்கள், அதில் உங்களை யாரும் மடக்க முடியாது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறினால் பரவாயில்லை. எதிரே இருப்பவர்களில் பலர் தாங்களே மலையாளத்திலும் குஜராத்தியிலும் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள். "ஐ வில் ஷோ" என்று சொல்லி ஸ்கெட்ச்புக்கைத் திறந்துவிடுங்கள். வாயை விடக் கை நன்றாகப் பேசும்.

ஏழாம் படி: பணம்

அரசுக் கல்லூரிகளில் கட்டணம் பெரிய சுமை இல்லை. செலவு பொருள்களில். சிற்பக்காரர் வெண்கல வார்ப்பு ஒன்றுக்குக் கொடுப்பதில் ஓவியர் ஒரு செமஸ்டரே ஓட்டிவிடலாம். துத்தநாகத் தட்டும் நல்ல தாளும் சும்மா வராது. சேரும் முன்பே மாதம் எவ்வளவு ஆகும் என்று அங்கே படிப்பவரிடம் கேட்டு வையுங்கள்.

மத்திய கலாசார அமைச்சகம் தன் பயிற்சி மையமான சிசிஆர்டி (CCRT) வழியாக இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. வயது 18 முதல் 25, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். ஓவியம், சிற்பம், கிராஃபிக்ஸ், பீங்கான் எல்லாம் அதில் சேரும். எம்எஃப்ஏவின் இரண்டு வருடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும், ஆனாலும் பிஎஃப்ஏ வகுப்பில் யாரும் இதைச் சொல்வதில்லை. 25 வயதைத் தாண்டியவர்களுக்கு 40 வரை ஜூனியர் ஃபெல்லோஷிப், மாதம் 10,000.

பட்டியலினத்தவர், பழங்குடியினர் வெளிமாநிலத்தில் படித்தாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குச் சொந்த மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் ரயில் ஏறுவதற்கு முன்பே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாடு போக மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியலினத்தவருக்கு உண்டு, ஆனால் 2022-இல் வந்த விதிகளில் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு தொடர்பான தலைப்புகளுக்குக் கிடையாது என்று சேர்த்தார்கள். கலை மாணவர் நெஞ்சில் நேராக விழுந்த அடி அது. விண்ணப்பிக்கும் முன் அந்த வருட விதியில் இந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக

லண்டன் படிப்புகள் பெரும்பாலும் ஒரு வருடம், கட்டணம் அதிகம், வீட்டை அடமானம் வைத்துப் போகாதீர்கள். உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போங்கள். பிரிட்டனின் ஒரு வருட முதுகலையை இங்கே ஏற்றுக்கொள்ள 2022-இல் இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆனது, ஆகவே அந்தப் பழைய பயம் வேண்டாம்.

ஜெர்மனி தமிழ் மாணவர்கள் போதுமான அளவு யோசிக்காத இடம். அரசுக் கலை அகாடமிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில் (ப்ளாக்டு அக்கவுன்ட்) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. அங்கே ஒரு பேராசிரியரின் வகுப்பில் சேர்வதுதான் சேர்க்கை, எனவே அவருடைய வேலையைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) கலைஞர்களுக்கென்றே தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. ஜெர்மன் மொழியைப் பிஎஃப்ஏ மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குங்கள்.

சீட் கிடைத்த பிறகு

வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர மைக்ரேஷன் சான்றிதழ் கேட்பார்கள். அது கல்லூரி தருவதில்லை, பல்கலைக்கழகம் தருவது. கடைசித் தேர்வு முடிந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் தாமதமானால் கல்லூரி முதல்வரிடம் "இறுதித் தேர்வு எழுதியிருக்கிறார், முடிவு வரவில்லை" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். பல இடங்களில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு ஒரு தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டுச் சீட்டைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

தமிழ்நாட்டில் அரசு வேலைக்குத் திரும்பி வர எண்ணமிருந்தால், வெளியே வாங்கும் எம்விஏ இங்குள்ள எம்எஃப்ஏவுக்கு இணையானது என்று இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிக்கும்போதே கேட்டு வாங்க முயலுங்கள், வேலை அறிவிப்பு வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.

இரண்டாம் ஆண்டு டிசம்பரில் நெட் எழுதுங்கள். காண்கலைக்குப் பாட எண் 79. கடைசி வருட மாணவர்களும் எழுதலாம். அதே தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய். அந்தச் சமயத்தில் இறுதி டிஸ்ப்ளே வேலை தலைக்கு மேல் இருக்கும் என்பதால், படிப்பதை முதல் வருட விடுமுறையிலேயே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.